கோணல் கோடு

என் இடது மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு, மிச்சம் மீதி ஒளிந்திருந்தால் அதையும் எரித்துவிட 'கரன்ட்' வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் தெருவில் அதுதான் பெயர். முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். கதிர் எங்கே பாய வேண்டும் என்று பார்த்து மார்பின் மேல் மையால் கோடு போட்டார்கள். கோடு அழியக் கூடாது, எண்ணெய் கூடாது, சோப்பு கூடாது, பிசகினால் உள்ளே இதயம் இருக்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

என் கணவர் பட்டுப் புடவைக்கு டிசைன் வரைபவர். கோட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்; எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுகூட அவர் முகம் அப்படிச் சுளித்ததில்லை.

"இன்னாமா இது, இப்டி கோணலா போட்டு வெச்சிருக்குறாங்க?"

"நான் என்ன புடவை பார்டரா, நேரா இருக்கறதுக்கு?" என்றேன்.

கரன்ட் ஆரம்பித்த இரண்டாவது வாரம், பிள்ளையார்பாளையத்திலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். டாக்டர்களெல்லாம் அவரிடம் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டியவர்கள்.

"கரன்ட் வெச்சா ஒடம்பு சூடு ஏறிக்கினுதான் இருக்கும். செவ்வாக்கெழம ரெண்டு கை எண்ணெ வெச்சா எறங்கிடும்மா."

வேண்டாம் என்றேன். என் உடம்பைப் பற்றிப் பேச அந்த வீட்டில் உரிமை இல்லாத ஒரே ஆள் நான்தான். தலைக்கு மட்டும் என்று ஆரம்பித்த எண்ணெய் கழுத்தைத் தாண்டியது. பின்னாலேயே சீயக்காய் வந்தது. கோடு போன இடம் தெரியவில்லை.

"அழுக்குன்னு நெனச்சு நல்லா தேச்சுட்டேன்மா" என்றார் நாத்தனார், பெருமையாக.

கணவர் அசரவில்லை. ஒரு தடவை பார்த்த டிசைனை மறக்காதவர் அல்லவா? பேனாவை எடுத்துவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாக் கோடுகளையும் திரும்பப் போட்டார். பார்க்க அச்சு அசல். எனக்கும் ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கத் தெம்பில்லை.

மத்தியானம் மெஷினில் படுத்தேன். கரன்ட் வைக்கும் முன்னால் அங்கே தினமும் ஒரு படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். அன்று மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் படம் எடுத்தாள், திரும்ப எடுத்தாள், பிறகு உள்ளே வந்தாள்.

"மார்க் ஷிஃப்ட் ஆயிருக்குதேமா. யார் போட்டது?"

சொன்னேன். அவள் என் கணவரை உள்ளே அழைத்துத் திரையைக் காட்டினாள்.

"படத்துல எலும்பு பொருந்தல சார். இந்தக் கோட்டை நம்பி வெச்சிருந்தா ஹார்ட் மேல பட்டிருக்கும்."

"அதேதான்மா போட்டேன். கோணலா இருந்துது, அத மட்டும் நேராக்கினேன்."

"நெஞ்சு வளைஞ்சுதானே சார் இருக்கும்?"

அன்று கரன்ட் இல்லை, மறுநாள் வந்து புதிதாக ஸ்கேன் எடுத்துக் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னாள். பஸ் ஏறியதும் திட்ட ஆரம்பித்தேன். வழியில் தாமல் ஏரி வந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"கோடு போச்சுன்னு சொன்னா கரன்ட்ட நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்மா. ஒரு நாள் நின்னாலும் நீ இருக்க மாட்டியோன்னு..." என்று சொல்லி, பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க அழுதார்.

எனக்கும் அழுகை வந்தது. அதற்காகத் திட்டுவதை நிறுத்திவிட முடியுமா? அவர் அக்காவை, எண்ணெயை, பேனாவை, கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்து கிடந்த எல்லாவற்றையும் எடுத்துவைத்துத் திட்டினேன். பாதிகூட முடியவில்லை, பஸ் ஊருக்குள் வந்துவிட்டது. மீதியையும் திட்டி முடிக்கும்வரை நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று, நோய் வந்த பிறகு முதல்முறையாக எனக்குப் பேராசையாக இருந்தது.