பாளையங்கோட்டான் இருபத்திரண்டு

ஒரு கோடை முழுக்க என் வலது கட்டைவிரல் சிவப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், ஒரு விரலுக்கு மட்டும் எதற்கு மருதாணி என்று கேட்டாள். வாழைவேரின் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்கினேன் என்று சொல்லலாம். அடுத்து எதற்கு நசுக்கினாய் என்பாள். அதற்குப் பிரசங்கம் முடிவதற்குள் பதில் சொல்லிவிட முடியாது. மற்ற விரல்களுக்கு மருதாணி போதவில்லை என்று சொல்லி வைத்தேன்.

என் கணவர் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருடம் முந்திய கதை இது. திருவனந்தபுரத்தில் ஒரு பேராசிரியரின் கீழ் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாஞ்சில் நாட்டு வாழைகளின் குரோமசோம்களை எண்ணுவதுதான் ஆராய்ச்சி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அவை பொடித்த சீரகம் மாதிரி கிடக்கும். வாழையில் பதினொன்று ஓர் அடுக்கு. இரண்டு அடுக்கு இருந்தால் இருபத்திரண்டு, மூன்று இருந்தால் முப்பத்து மூன்று. மூன்று அடுக்கு உள்ளவை ஜோடி சேரும்போது ஓர் அடுக்கு துணையில்லாமல் நின்றுவிடும், அதனால் விதை பிடிக்காது என்று எனக்கு விளக்கினார். நாம் தின்னும் பழத்தில் கொட்டை இல்லாததற்கு இப்படி ஒரு குடும்பச் சண்டை காரணம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளை, டவுணில் பிறந்து டவுணில் வளர்ந்தவர். வாழையைப் பழமாகத் தெரியும், செல்லாகவும் தெரியும். நடுவில் ஒரு மரம் நிற்பதுதான் தெரியாது. என் அப்பா மேற்கே, குளச்சல் போகும் வழியில் வாழை விவசாயம் செய்துவந்தார். எட்டு ரகத்தின் பெயரை எழுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு கன்று வேண்டும் என்று இவர் அப்பாவுக்குக் கடிதம் போட்டார். பத்தே நாளில் மாட்டுவண்டியில் கன்றுகள் வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அப்பாவின் கையெழுத்தில் ஓலைச் சீட்டு. எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டும் உசத்தியான மட்டி, செந்துளுவன், ரசகதலி, பேயன், பாளையங்கோட்டான் என்று எல்லாம் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நட்டார். ஓலை மக்கிவிடும் என்று தகரத் துண்டில் பெயிண்டால் பெயர் எழுதி அடித்துவைத்தார்.

கோடை விடுமுறைக்குக் கல்லூரி மைக்ராஸ்கோப்பை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சமையலறை ஜன்னலில்தான் வெளிச்சம் நன்றாக விழும் என்று அதை என் அம்மிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து என் சமையலுக்கு ஒரு வினிகர் வாசம் வந்தது. காலை பத்து மணி வாக்கில்தான் வேர்நுனியில் செல்கள் மும்முரமாகப் பிரியும். அந்த நேரத்தில் வேரை வெட்டி மருந்தில் போட வேண்டும். நானும் அந்த நேரத்தில்தான் மும்முரமாக இருப்பேன். உலை கொதிக்கும்.

அவர் நசுக்கினால் செல் கிழிந்துவிடும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே லேஸ் பின்னிப் பழகிய கை. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தவேண்டும் என்று விரலுக்குத் தெரியும். முதலில் நசுக்க மட்டும் கூப்பிட்டார். பிறகு வரைந்து தரச் சொன்னார். மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டினால் செல்லும் பென்சில் நுனியும் ஒரே இடத்தில் தெரியும். கண்ணில் படுவதன் மேலேயே கோடு போடலாம். வரைந்தால் எண்ணாமல் இருக்க முடியாது. லேஸில் ஒரு ஜோடி நூல் குறைந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டும், அந்தப் பயம் எனக்கு உண்டு.

மே மாதம் ஒரு நாள் பாளையங்கோட்டான் வேரை வரைந்து முடித்து, "இருவத்திரெண்டு" என்றேன்.

"இருக்காது. பாளையங்கோட்டான் முப்பத்து மூணு" என்றார்.

"நீங்க எண்ணினீங்களா?"

"எண்ணினேன். முப்பது வரைக்கும் வந்துது. மிச்சம் மூணு மறைஞ்சு கெடக்கும்னு வச்சேன்."

"மறைஞ்சு கெடக்கத எப்பிடி எண்ணினீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ரசத்தைப் பார்க்கப் போனேன். சாப்பிடாமல் ஜன்னலில் குனிந்து நின்றார். மூன்று நாள், இருபது செல், இரண்டு கன்றின் வேர். எல்லாம் இருபத்திரண்டு. முன்பு எண்ணிய முப்பது, இரண்டு செல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தது என்பதும் தெரிந்தது. முப்பத்து மூன்று இருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார். நான் அறியவில்லை. என் திறமை அவ்வளவுதான்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பாளையங்கோட்டானில் இரண்டே அடுக்கு கொண்ட ஒரு வகை எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கிறது, இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் திருத்தி எழுத வேண்டும் என்றார். மாடுகளுக்குப் போடும் பழத்துக்கு இவ்வளவு பெருமையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒரு வரி, இந்த எண்ணிக்கையை முதலில் கண்டவர் என் மனைவி என்று இருந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பேராசிரியரிடமிருந்து உடனே பதில் வந்தது. ஆகஸ்டில் மரத்தைப் பார்க்க வருகிறேன், உன் மனைவியையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

ஆனி முடிந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் தெருவுக்கும் வந்தது. துணி காயப்போடப் பின்னால் போனேன். காற்று பாளையங்கோட்டான் மரத்தின் புது இலையைத் தூக்கித் திருப்பிப் போட்டது. அடிப்புறத்தில் நடுத்தண்டு வெளிறிய பச்சையாக இருந்தது. பாளையங்கோட்டானின் இளம் இலைக்கு அந்த இடம் ரோஸ் நிறமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் இலை அறுக்கும் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். நான்கு மரம் தள்ளி மட்டி என்று தகரம் அடித்த மரம் நின்றது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. மரத்தைத் தெரியாதவர் என்று கணவரைக் கேலி செய்தவள்தான் நான். மூன்று மாதமாக ஜன்னலில் அதன் வேரைத் துருவிப் பார்த்தேனே தவிர, தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே பஸ் ஏறி அப்பாவைப் பார்க்கப் போனேன்.

"பாளையங்கோட்டான்னு ஓலையில எழுதி மட்டிக் கன்னா அனுப்பினீங்கப்பா?"

"ஆமா. நல்லா வந்திருக்கா?" என்றார் அப்பா. முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை.

"அவரு பாளையங்கோட்டான்லா கேட்டாரு?"

"மாப்ள கேப்பாரு. அதுக்காவ நான் குடுத்திர முடியுமா? எனக்க மவளக் கெட்டினவருக்கு மாட்டுக்குப் போடுக பழத்துக்க கன்னா குடுத்து விடுவேன்? நாலுபேரு கேட்டா என்ன நினைப்பாவ?"

"அப்பம் ஓலையில எதுக்கு மாத்தி எழுதினீங்க?"

"கேட்டது கிட்டலியேன்னு அவரு வருத்தப்படப்பிடாதுல்லா. குலை தள்ளும்பம் தன்னால தெரியும். அப்பம் சந்தோசப்படட்டும்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் கணவரின் படிப்பே பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மற்ற கன்றுகள் எல்லாம் கேட்டபடிதான் என்று உறுதி செய்துகொண்டு, தேங்காயும் பலாச்சுளையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவர் பேராசிரியருக்குக் காட்டுவதற்காக என் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கீழே என் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார், எழுதினேன். ஆகஸ்டில், தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட போராட்டத்தில் மேற்கே கலவரம் என்று பஸ் ஓடவில்லை. பேராசிரியர் வருகையைத் தள்ளி வைத்தார். ஊரெல்லாம் பயந்து கிடந்தது. எனக்கு மட்டும் அது தவணை கிடைத்த மாதிரி இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆவணிக் கடைசியில் மரம் குலை தள்ளியது. அதே வாரம் பேராசிரியரின் அடுத்த கடிதம், வரும் நாளைக் குறித்து. பூவையும் பிஞ்சையும் பார்த்தால் வாழை தெரிந்த எவரும் ரகத்தைச் சொல்லிவிடுவார்கள். கடிதம் வந்த மறுநாள் காலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நேராகப் பின்னால் போனார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் நின்ற பாளையங்கோட்டானுக்கு நடந்துபோய் அதன் இளம் இலையையும் திருப்பிப் பார்த்தார். வரும்போது கையில் அதன் வேர் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதை நான்தான் நசுக்கினேன். முப்பத்து மூன்று, மறைந்து கிடப்பது ஒன்றுமில்லாமல்.

"எப்பம் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார்.

"ஆடிக் காத்துல."

"ஏழு வாரமாச்சு." கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்தார். "மாமாவுக்காவ பாத்தியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மாமாட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ பயப்படாண்டாம்."

அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதினார். நடும்போது தன் கையால் சீட்டு மாறிவிட்டது, மரம் மட்டிதான், மன்னிக்கவும் என்று. அப்பாவின் பேச்சே அதில் இல்லை. என் பேச்சும் இல்லை. மட்டிக்கு இருபத்திரண்டு என்பது ஏற்கெனவே யாரோ எண்ணிவைத்த கணக்கு, அதில் முதலில் கண்டவர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பேராசிரியர் வரவில்லை. எச்சரிக்கையாக இருக்கும்படி இரண்டு வரி எழுதினார். ஆராய்ச்சி இன்னும் ஒரு வருடம் இழுத்தது.

கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்தார். குலை பழுத்துச் சமையலறையில் தொங்கியது, வீடு முழுக்க மணம். அப்பா அதைக் கண்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பாளையங்கோட்டான் எப்பிடி இருக்கு மாப்ள?" என்று கேட்டார்.

இவர் ஒரு பழத்தை உரித்து மெல்லத் தின்றார். "இப்பிடி ஒரு பாளையங்கோட்டான் நான் தின்னதே இல்ல மாமா" என்றார். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். சாகும்வரை ஊரில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமனார் மனம் நோகக் கூடாது என்று அந்த மனிதர் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டார். அப்பாவின் மானத்துக்காக நான் ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டு தவித்தேன் என்று கடைசிவரை நம்பினார். பிள்ளைகளிடமும், உங்கள் அம்மா அப்படிப்பட்ட மகள் என்று சொல்வார். நான் திருத்தவில்லை. அப்பாவைப் பற்றி அந்த ஏழு வாரத்தில் நான் நினைத்தது கொஞ்சம்தான். பேராசிரியர் வருவார், கண்டவர் யார் என்று கேட்பார், இவர் என்னைக் காட்டுவார். அதற்காகத்தான் காத்திருந்தேன்.