இரண்டு வாசல் வைத்த வைக்கோல் அறை

எங்கள் வீட்டில் ஏசி மாட்டிய கோடையில் நன்றாகக் குளிர்ந்தது தெருதான். அப்பா கதவைச் சாத்தவிட மாட்டார். கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்து, ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டிலில் சாய்வார். நாங்கள் கூரை வீட்டில் இருந்தவரை வாசலில் மூங்கில் படல்தான். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. காங்கிரீட் வீட்டுக்கு வந்தபிறகு தாழ்ப்பாள் இருந்தது, போட்டவர் யாருமில்லை. இதனால் இதுவரை ஒரு குக்கர், இரண்டு பித்தளைக் குடம், என் சைக்கிள் ஆகியவை போயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அப்பா, “தேவப்பட்டவன் எடுத்துட்டுப் போயிருக்கான்” என்பார். அம்மா சாகும்வரை அந்தக் குக்கருக்காக அவரை மன்னிக்கவில்லை.

நான் வலங்கைமான் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா பண்ணை வேலைக்காரராக இருந்து, கடைசிக் காலத்தில் அரை ஏக்கர் சொந்தமாக வாங்கியவர். அரசாங்கம் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீட்டுக்குக் குடிவந்த தேதியை, கல்யாணத் தேதியைவிடத் தெளிவாகச் சொல்வார். காங்கிரீட் பகல் பூராவும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் திருப்பிக் கொடுக்கும். இதை நான் வகுப்பில் பாடமாகவே நடத்துகிறேன். வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்துக்குள் படுத்துக்கொள்வேன்.

போன வைகாசியில் அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் சலைன் ஏற்றி அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு அக்கினி நட்சத்திரத்தை அந்த ரூம்ல இவரு தாங்க மாட்டாரு. குளுமையான எடமாப் பாருங்க” என்றார். ஏசி அந்த வாரம் வாங்கியதுதான். அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

வைக்கோல் கட்டுகளை வைத்து வீடு கட்டும் ஓர் இஞ்சினியரம்மா தஞ்சாவூரில் இருப்பதாகப் பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார். போய்ப் பார்த்தேன். ஒன்றரை அடி கனத்துக்கு வைக்கோல், இரண்டு பக்கமும் மண் பூச்சு, மேலே ஓடு. வெயில் உள்ளே வர வழி தேடிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் ஆகிவிடும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தாலும் பரவாயில்லை. கொல்லையில் ஒற்றை அறை கட்ட முடிவுசெய்து அப்பாவிடம் சொன்னேன்.

“வைக்கோலா?” என்றார். “கூரை வீட்ட விட்டு வெளிய வர எனக்கு நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. நீ படிச்சு வேலைக்குப் போயி, என்னத் திரும்ப உள்ள தள்ளப் பாக்குற” என்றார்.

கௌரவப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டேன். இது நம் தெருவில் எல்லோருக்கும் உள்ளதுதான், பேசிப் பேசிக் கரைத்துவிடலாம் என்று தோன்றியது. வெளியே சுண்ணாம்பு அடித்துவிட்டால் வைக்கோல் என்று யாருக்கும் தெரியாது என்றேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், “கட்டுறதுன்னா கட்டு. நான் வரமாட்டேன். ஆனா ரெண்டு வாசல் வை, எதிரும் புதிருமா. சன்னலுக்குக் கம்பி வேண்டாம்” என்றார்.

குடிவராதவருக்கு நிபந்தனை எதற்கு என்று கேட்டேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு வாசல் வைத்தால் சுவர் எங்கே இருக்கும் என்று இஞ்சினியரம்மா கவலைப்பட்டார். சன்னலுக்குக் கம்பி இல்லை என்றதும் மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “ஐயா, கம்பி இல்லாட்டி அது சன்னல் இல்லீங்க, மூணாவது வாசல்.” அப்பா அதற்கு, “ஆமா” என்றார்.

சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் வைக்கோல் கிடந்தது. அங்கேதான் முதல் சிக்கல். எங்கள் பக்கத்துக் கட்டும் இயந்திரங்கள் வைக்கோலை உருளையாகத்தான் சுருட்டித் தள்ளும். சுவருக்கு வேண்டியது செவ்வகம். உருளையை அடுக்கிச் சுவர் எழுப்ப முடியாது என்பதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. “உருட்டிக் கொண்டாந்து போட்டுடறேன் டீச்சர், நீங்க தட்டிச் சதுரமாக்கிக்கங்க” என்றார் ஒரு இயந்திரக்காரர். கடைசியில் செவ்வகக் கட்டு போடும் இயந்திரம் ஒன்று இரண்டு ஊர் தள்ளிக் கிடைத்தது. வண்டியில் வந்து இறங்கிய கட்டுகளைப் பார்த்து, நாங்கள் மாட்டுப் பண்ணை வைக்கப்போகிறோம் என்று தெரு முடிவுசெய்தது. கடன் கேட்டு நான்கு பேர் வந்தார்கள். கன்று போட்ட மாடு இருக்கிறது, நாலே கட்டு, அடுத்த போகத்தில் திருப்பிவிடுவோம் என்றார்கள். வீட்டுச் சுவரில் நாலு கட்டு கடன் கேட்பது உலகத்தில் எங்கள் தெருவில் மட்டும்தான் நடந்திருக்கும்.

வெள்ளம் வந்தாலும் ஏறாத உயரத்துக்குச் செங்கல் அடித்தளம். அதன்மேல் செங்கல் வைப்பதுபோலவே கட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, மூங்கில் முளைகளை மேலிருந்து குத்தி இறக்கினார்கள். மூன்றாவது வரிசை முடிந்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வடகிழக்கு மூலையைத் தின்றுவிட்டது. மாட்டுக்காரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். “அது வீடுன்னு மாட்டுக்கு எப்புடிங்க டீச்சர் தெரியும்? எனக்கே தெரியல” என்றார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்குனியில் ஒரு கோடை மழை. வைக்கோல் நனைந்தால் உள்ளே புழுங்கி அழுகிவிடும் என்பதால் பள்ளியிலிருந்து பாதி வகுப்பில் ஓடிவந்தேன். அப்பா ஏற்கெனவே தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு நனைந்து நின்றார். “வரமாட்டேன்னியே” என்றேன். “மாடு திங்கிற பொருள வீணாக்கக் கூடாது” என்றார்.

அப்புறம் பூச்சு. குளத்துக் களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், சாணி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். அந்தத் தண்ணீர் பத்து நாள் புளித்ததில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே நலம் விசாரித்தார்கள். கலவை வெடிக்கிறதா என்று பார்க்க, முதலில் கொல்லை மூலையில் நான்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மார்பு உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் வைத்துப் பூசினார் இஞ்சினியரம்மா. அது நன்றாக வந்தது. பிறகு அறைக்கு மூன்று கை பூச்சு, கடைசியில் சுண்ணாம்பு. காலால் மண்ணை மிதித்து மிதித்து என் குதிகால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நிலையில் இல்லை.

சன்னல் சட்டம் வைத்த அன்று அப்பா ஒரு காரியம் செய்தார். உள்ளே போய், சன்னலில் ஏறி, அந்தப் பக்கம் குதித்தார். எழுபத்தாறு வயது. நல்லவேளை, மண்குவியலில் விழுந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “போதும்” என்றார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை மேஸ்திரி இன்னும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அக்கினி நட்சத்திரத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அறை முடிந்தது. உள்ளே போய் நின்றால் வேறு ஊருக்குப் போனதுபோல இருந்தது. அப்பாவின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் போட்டார். இப்படி இரண்டு முறை. மூன்றாவது முறை நான் கத்திவிட்டேன்.

“ஒனக்காகத்தானப்பா கட்டுனேன்! நீ வராட்டி மாட்டக் கட்டிடுவேன்.”

“கட்டு. அது ஏற்கெனவே தின்னு பாத்திருக்கு.”

பிறகு அறையைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார். “இது எரியுமா?”

ஆறு மாதத்துக்கு முன்பே என்னிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. எரியாது என்றேன். இறுக்கிக் கட்டி மண் பூசிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, காற்று இல்லாவிட்டால் தீ பிடிக்காது என்று ஆரம்பித்து, ஆக்சிஜன்வரை போனேன்.

“ஒம் பாடம் கெடக்கட்டும். கொளுத்திக் காட்டு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் இஞ்சினியரம்மா வந்தார். சவுக்கு விறகு போதும் என்றார். அப்பா கேட்கவில்லை, கருவேலங்கட்டையாகப் பொறுக்கி வந்து மாதிரிச் சுவரில் சாய்த்து அடுக்கி, தானே பற்றவைத்தார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தீ தணியும்போதெல்லாம் எழுந்துபோய்க் கட்டை போட்டார். வேடிக்கை பார்க்கத் தெரு கூடியது. மாட்டுக்காரம்மா, எரிவதற்கு முன்னால் அந்த நாலு வைக்கோல் கட்டைத் தனக்குக் கொடுத்திருக்கலாம் என்று இரண்டு முறை சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. கூட்டம் சலித்துப்போய்க் கலைந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. மண் கறுத்து, ஓரிடத்தில் விரிசல் விட்டு, செங்கல் மாதிரி சிவந்தது. அவ்வளவுதான்.

அப்பா எழுந்து சுவரின் மறுபக்கம் போனார். உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

“சூடே வரல” என்றார்.

“வராதுங்க ஐயா” என்றார் இஞ்சினியரம்மா.

கையை எடுக்காமலேயே அப்பா என்னிடம், “எனக்கு ஒரு அக்கா இருந்துச்சு” என்றார்.

“பண்ணையில பழைய பலகைக் கதவு ஒண்ண கழட்டிப் போட்டாங்க. எங்கப்பா தூக்கிட்டு வந்து எங்க கூரை வீட்டுக்கு மாட்டுனாரு. தெருவுல எல்லா வீட்டுலயும் படல், எங்க வீட்டுல மட்டும் கதவு, தாப்பாளோட. அவருக்கு அவ்வளவு பெருமை. நடவுக்குப் போறப்ப, தம்பிய வச்சிக்கிட்டு உள்ள தாப்பா போட்டுக்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. அடுப்புலேருந்து கூரையில பத்திக்கிச்சு. தாப்பா இறுகிப் போயி, அக்காவுக்கு எடுக்க வரல. கோழி போற ஓட்டையில என்னப் பிடிச்சு வெளிய தள்ளுச்சு. அதால அதுல நுழைய முடியல. படலா இருந்தா ஒதச்சிட்டு வந்துருக்கும்” என்றார்.

அப்போது அவருக்கு ஐந்து வயது. அக்காவுக்கு எட்டு. பெயர் கேட்டேன், சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு ஓர் அத்தை இருந்தார் என்பதை நாற்பத்தாறு வயதில், எரிந்த சுவருக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன். குக்கருக்காக நாங்கள் பேசியது, சைக்கிளுக்காக நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தது, ஏசி கரண்ட் பில்லை அவர் முகத்துக்கு நேரே ஆட்டியது, சன்னலில் குதித்த அன்று நான் பேசியது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அழுதேன். அம்மாவிடமாவது சொல்லியிருந்தாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இஞ்சினியரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அணைந்துகொண்டிருந்த தீயில் தண்ணீர் ஊற்றினார்.

அன்று சாயங்காலம் அப்பாவே கட்டிலை எடுத்துக்கொண்டு போய் அறையில் போட்டார். இரண்டு வாசல் கதவுக்கும் ஒவ்வொரு செங்கல்லை அண்டக்கொடுத்தார். இன்னும் இரண்டு செங்கல் வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுத்திருப்பேன்.

வெளியே அக்கினி நட்சத்திரம் கொளுத்தியது. அவர் மத்தியானத்தில் போர்வை கேட்டார்.

ஒரு பத்து நாள் இருக்கும். வழக்கம்போலக் காலையில் டீயை எடுத்துக்கொண்டு போய், முழங்கையால் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. செங்கல் வெளியே சுவரோரமாக இருந்தது. பின்வாசலுக்கு ஓடினேன். அதுவும் திறக்கவில்லை. டீ பாதி கையில் கொட்டியது. அப்பா, அப்பா என்று கதவைத் தட்டினேன்.

“இரு. வரேன்.”

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் ஆடும் சத்தம். அது உடனே வரவில்லை. முன்னும் பின்னும் அசைத்து அசைத்து இழுப்பது கேட்டது. அவர் அவசரப்படவில்லை. நான் வெளியே கதவில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. நன்றாகத் தூங்கிய முகம். பாதி டீயை வாங்கிக்கொண்டார்.

“புதுத் தாப்பா, கொஞ்சம் இறுக்கமா இருக்கு” என்றார். “எண்ண விடணும்.”

நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவரப் போனேன்.