பெரிய சக்கரம் மாட்ட மறுத்த யூசுப்

"அண்ணன் மௌத்தாயிட்டாருங்க சார்" என்று யூசுப்பின் தம்பி ஹக்கீம் தொலைபேசியில் சொன்னபோது, பீளமேட்டில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "காலைலதானப்பா எங்கூடச் சண்டை போட்டான்" என்றேன், ஒருவன் சாகாமல் இருக்க அது போதுமான காரணம் என்பதுபோல. இதை எழுதும்போதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

உக்கடத்தில் அவனுடைய டயர் கடையில், ஜாக்கியில் ஏற்றியிருந்த ஒரு பிக்கப் வண்டியின் பக்கத்தில் நின்று அதன் சொந்தக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவன், பேச்சின் நடுவில் சரிந்திருக்கிறான். மருத்துவமனை போய்ச் சேரும்போது உயிர் இல்லை. அவனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. அவையெல்லாம் எனக்குத்தான் உண்டு.

பிக்கப் உரிமையாளர் சங்கத்தினரான உங்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். பெரிய ரிம் கேட்டுப் போய்த் திட்டு வாங்கியவர்கள் உங்களில் பலர். புது வண்டி எடுத்தால் கோயிலில் பூசை போட்ட கையோடு கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் சக்கரம் மாட்டுவது நம் பக்கத்து வழக்கம். வண்டி உயர்ந்துவிட்டது, இனி பாரமும் கூடத் தாங்கும் என்று தறிக்குப் போகும், பாவு நூல் சுற்றிய பீம்களை மேலும் அடுக்குவீர்கள். நடப்பது தலைகீழ். ரிம் பெரிதாகி டயர் மெலிந்தால் உள்ளே நிற்கும் காற்று குறைகிறது. பெரும்பாலும் டயர் தாங்கும் எடையும் குறைகிறது. ரிம் கனமாக இருந்தால் அந்தக் கனமும் ஏற்றக்கூடிய சரக்கில்தான் கழியும். சக்கரத்தின் மொத்த உயரமும் கூடினால் பிரேக் திணறும். கம்பெனி குறித்த பாரம் மட்டும் ஒரு கிலோகூட ஏறாது.

இந்தக் கணக்கை அவனுக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். பொறியியல் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. அவன் கடை வைத்தான். நான் வாத்தியாரானேன், பதவி உயர்வுகள் என்னைத் தாண்டிப் போன கதையை இங்கே எழுதவில்லை. சூலூரில் நடந்த உங்கள் கூட்டத்தில் யூசுப் என் கணக்கை, நான் சொன்ன உதாரணத்தோடு சேர்த்து, மேடையில் சொன்னான். நீங்கள் அவனுக்குச் சால்வை போர்த்தினீர்கள். இறங்கி வந்தவனிடம், "எம்பேரச் சொன்னா வாய் வலிக்குமா?" என்று கேட்டேன்.

"மாப்ளே, காலேஜ் வாத்தியார் கணக்குன்னு சொன்னா பாதிப் பேரு டீ குடிக்கப் போயிருவாங்கடா."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இறந்த அன்று காலை அவனே அழைத்தான். "ஞாயித்துக்கிழமை மறுபடியும் கூட்டம். இந்தத் தடவ நீ பேசு."

"அது யாரு கணக்குன்னு மொதல்ல நீ சொல்லு. அப்புறம் வாரேன்."

"மைக்கப் புடிச்சுச் சொல்றேன், போதுமா?"

"உன்ன நம்ப மாட்டேன்."

"நம்பாட்டிப் போ. ஆனா வந்து சேருடா."

சொல்லியிருப்பானா? அடக்கத்தில் மண் போடும்போதும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி தெரிந்துகொள்ள வழியில்லை.

கடை மறுபடி திறந்த அன்று போயிருந்தேன். ஜாக்கியில் நின்ற அந்த வண்டியின் சொந்தக்காரரும் வந்திருந்தார். சூலூரில் தறி ஓட்டுகிறவர். "பாய் வேண்டாம்னுதானுங்க சொன்னாரு. ஆனா மச்சான் அவன் வண்டியில பெருசு மாட்டிப்போட்டானுங்க. பக்கத்துல நிறுத்துனா நம்மது குட்டையா நிக்குதுங்க" என்றார். ஹக்கீம் என்னைப் பார்த்தான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எடை எண்ணில் தொடங்கி எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்.

"சரிதானுங்க சார். ஹக்கீமு, பெருசையே மாட்டிப்போடு கண்ணு."

ஹக்கீம் ஸ்பானரை எடுக்கவில்லை. "அண்ணன் கடைசியா வேண்டாம்னு சொன்ன வண்டிங்க இது. நான் எப்படிங்க மாட்டுவேன்?"

அவர் புது ரிம்மை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "பழசையே போட்டுருப்பா" என்றார்.

நான் அரைமணி நேரம் பேசி முடியாதது, செத்தவன் பெயரைச் சொன்னதும் முடிந்தது. அப்போதுதான் அவன் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

யூசுப்பிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று இந்த அஞ்சலியின் முடிவில் எழுதும்படி உங்கள் செயலாளர் கேட்டிருக்கிறார். கணக்கு முன்பே என்னுடையது. அவன்மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள்கிறேன். அதையும் விட்டுவிட்டால், அவனோடு பேச என்னிடம் வேறு பேச்சு இல்லை.