சால்வைக்குள் நின்றுபோன பால்

மகப்பேற்று விடுமுறை முடிந்து நான் பாடசாலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே, எனக்குப் பால் வற்றிவிட்டது என்று கணவர் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் மாமியார். ஹட்டன் பஜாரில் கடை, கடைக்கு மேலே வீடு. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகிய குடும்பம், மருமகளையும் நிறுத்துப் பார்த்துத்தான் மதிக்கும்.

என்னை அளக்க உதவியது, கனடாவிலிருந்து நாத்தனார் அனுப்பிய பால் எடுக்கும் மெஷின். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் கிண்ணம் மாதிரி இருக்கும். வயர் கிடையாது, வேலை பார்த்துக்கொண்டே பால் எடுக்கலாம். அது வந்ததும் மாமியார் முதலில் அதற்குத் திருநீறு பூசினார். அடுத்து என்னைப் பொட்டலம் கட்டினார். மார்பு புடைத்துத் தெரிந்தால் கண்பட்டுப் பால் நின்றுவிடுமாம். சேலைக்கு மேல் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய சால்வை, அதற்கும் மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். ஹட்டன் குளிரில் ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இந்தக் கோலத்தில் பாடசாலையில் மெஷினை ஓடவிட்டால் கிண்ணத்தின் அடிதான் நனையும். அந்தச் சொட்டுகளைப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவருவேன். மாமியார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

"கொழுந்தெடுக்கிறவளுகளுக்கெல்லாம் பால் வடியுது. புள்ளக்காம்பராவுக்கு ஓடி ஓடிக் குடுக்குறாளுக. படிச்சவளுக்குத்தான் வத்திப்போச்சு" என்றார் ஒருநாள். நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், அப்படி மலையிலிருந்து இறங்கி, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவுக்கு ஓடி வந்து எனக்குப் பால் கொடுத்தவள் என் அம்மா என்பது தெரிந்தேதான் சொன்னார்.

கனடாவிலிருந்து வந்த மெஷினில் கோளாறு இருக்காது, கோளாறு என்னிடம்தான் என்றார் கணவர். பல்பு மாற்றவும் ஆள் கூப்பிடுகிறவர் அவர். மறுபேச்சே இல்லாமல் கடைத் தட்டிலிருந்து பால்மா டின் மேலே ஏறி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், அன்றிலிருந்து குழந்தைக்கு டின்பால். ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை. பெற்றவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆத்திரத்தில் குளியலறைக்குள் போய் அழுதேன்.

மறுநாள் பாடசாலை இருக்கும் டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டரும் சால்வையும் தொப்பலாக நனைந்தன. இரண்டையும் கழற்றி விஞ்ஞானகூட ஜன்னலில் காயப்போட்டேன். சூடான தேநீர்க் கோப்பையைப் பிடித்துக் கைகளை வெதுவெதுப்பாக்கி, மார்பை மெல்ல நீவிவிட்டு, மெஷினை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கிண்ணம் நிறைந்துவிட்டது. நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அடுத்த நாள் கட்டிக்கொண்டும் எடுத்துப் பார்த்தேன், அவிழ்த்துவிட்டும் எடுத்துப் பார்த்தேன். கட்டினால் சொட்டுத்தான். அவிழ்த்தால் நிறைந்தது. மார்பையும் கிண்ணத்தையும் சேர்த்து இப்படி நசுக்கினால் பால் எந்த வழியாக இறங்கும்? இதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஆனால் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

நிறைந்த போத்தலோடு வீட்டுக்கு வந்தேன். மாமியார் வாங்கிப் பார்த்தார். தான் பூசிய திருநீறும் தன் கையால் காய்ச்சிக் கொடுத்த பூண்டுப் பாலும் வேலை செய்துவிட்டதாகக் கணவரிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார். நடந்ததை நான் விளக்கினேன். இருவர் காதிலும் ஏறவில்லை. பால் கூடியிருப்பதால் இனி இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும் என்பதுதான் மாமியாரின் அடுத்த உத்தரவு.

அன்று மாலை நான் அறைக்குள் போகவில்லை. கடைக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஏறி இறங்கும் முன்னறையில், சேலையைத் தளர்த்திப் போர்த்திக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு உட்கார்ந்தேன். மாமியார் பதறிப்போய்ச் சால்வையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வர்றவங்க கண்ணு பட்டுரும். கட்டிக்க."

"வர்றவங்க கண்ணு பட்டு எம்புள்ளைக்குப் பால் நிக்கல அத்தை" என்றேன். "இந்த வீட்டுக் கண்ணு பட்டுத்தான் நின்னுச்சு."