செல்வியின் ஆந்தைக் காசு

ஹட்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் நகைக்கடையில், மேசைமேல் ஒரு வெள்ளிக் காசை வைக்கிறாள் செல்வி. ஒரு பக்கம் ஆந்தை, மறுபக்கம் ஏதீனா தேவியின் முகம். பழைய கிரேக்கக் காசு. கைமாறிய ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் சாமான்களோடு ஏலத்தில் எடுத்தாளாம். வட்டகொடையில் டீச்சர் அவள். காசு சேர்க்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்லதா, போலியா என்று பார்த்துச் சொல்லத்தான் பல வருஷமாகக் காசு சேர்க்கும் என்னைக் கண்டியிலிருந்து வரவழைத்திருக்கிறாள்.

போலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே லென்ஸை எடுக்கிறேன். அச்சில் வார்த்த போலிக்கு விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும்; இதில் இல்லை. மேலே ஊசிமுனைக் குழிகள் தெரியும், அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் சுத்தியலால் அடித்து அச்சிட்டபோது ஓரம் வெடித்த கீறல் அப்படியே இருக்கிறது. கடைக்கார முஸ்லிம் நானா தராசில் வைக்கிறார். எடையும் சரி. ஆந்தை கால் நகம்வரை முழுசாகப் பதிந்திருக்கிறது. விலை ஏறுவதே அதனால்தான். எனக்கு வயிறு எரிகிறது.

"என்னண்ணே? பொய்க் காசுங்களா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது.

"நெசந்தான் செல்வி. நான் பார்த்ததுலயே இதுதான் நல்ல காசு."

அவள் முகமெல்லாம் சிரிப்பு. "உங்க ஆந்தைக் காசையும் கொண்டாறேன்னீங்களே அண்ணே, பக்கத்துல வச்சுப் பார்ப்போமே."

"மறந்துட்டேம்மா" என்கிறேன். அச்சு தள்ளி விழுந்து தலை பாதி போன என் ஆந்தை சட்டைப் பைக்குள்தான் இருக்கிறது. குளிருக்குக் கை கட்டுவதுபோல அதை மறைத்துக்கொள்கிறேன்.