சாவி கும்பகோணத்தில், கடை பாபநாசத்தில்

காலை 7.40. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் கும்பகோணம் போகும் வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அன்றைக்கு எனக்குச் சரியாக நடந்த கடைசிக் காரியம் அதுதான் என்பது அப்போது தெரியாது. பாபநாசத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். முப்பது ரூபாய் நீட்டினேன். “மீதியை எறங்கும்போது வாங்கிக்கங்க” என்றார் நடத்துனர். இறங்கும்போது அவர் வண்டியின் மறுகோடியில் நிற்பார் என்பது பதினொரு வருடமாக இந்தத் தடத்தில் போய்வரும் எனக்குத் தெரியாதா என்ன?

நான் மாதம் இருமுறை வரும் நான்கு பக்க ஊர்ச் செய்தித்தாள் ஒன்றை நடத்துகிறேன். எழுதுவது, படம் எடுப்பது, அச்சகத்தில் போய்க் காவல் கிடப்பது எல்லாம் நானே. கடை திறப்பு, வணிகர் சங்கத் தேர்தல், கண் சிகிச்சை முகாம், பள்ளி ஆண்டு விழா என்று இந்த வட்டாரத்தில் ரிப்பன் கட்டும் இடமெல்லாம் என்னைப் பார்க்கலாம். திறப்பு விழா எதுவும் சொன்ன நேரத்தில் தொடங்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கிறேன். இந்தப் புத்திக்கு வைத்தியம் கிடையாது.

அன்றைய விழா ஒரு பட்டறைக்கு. நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம், பவர் டில்லர் எல்லாம் பழுது பார்க்கும் பட்டறை. உரிமையாளர் ஸ்டெல்லா, முப்பது வயது, மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். அவள் அம்மா எஸ்தர் இருபது வருடம் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது இரண்டு மா, அதாவது முக்கால் ஏக்கருக்கும் குறைவான நிலம், சொந்தமாக வைத்திருக்கிறார். பெண்ணொருத்தி நடத்தும் மெஷின் பட்டறை இந்தப் பக்கத்தில் இதுதான் முதல் என்பதால், வழக்கமான நாலு வரிக்குப் பதில் அரைப் பக்கம் எழுதலாம் என்று ஆசையோடுதான் கிளம்பினேன்.

பசுபதிகோவில் தாண்டியதும் இருபுறமும் குறுவை நடவு. ஆற்றில் தண்ணீர் வந்து சில வாரம் ஆகியிருந்தது. சேறடித்த வயல்களில் வானம் தெரிந்தது. அய்யம்பேட்டையில் வண்டி பன்னிரண்டு நிமிடம் நின்றது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நடத்துனரும் சொல்லவில்லை.

8.55. பாபநாசத்தில் இறங்கினேன். எட்டு ரூபாய் கும்பகோணத்தை நோக்கிப் போய்விட்டது.

பட்டறை நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர். வாசலில் வாழைமரம், பந்தல், நாற்பது நாற்காலி. பிளக்ஸில் பதினேழு முகங்கள். அவற்றில் ஸ்டெல்லாவைத் தேடிப்பிடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. கீழே இடது மூலையில், தபால்தலை அளவில் இருந்தாள். மூடிய ஷட்டருக்கு முன்னால் சிவப்பு ரிப்பன், ஷட்டரின் அடியில் பளபளவென்று புதுப் பூட்டு. காலை 9.15க்கு மேல் 10.15க்குள் நல்ல நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

“வாங்க மேடம், காபி சாப்பிடுங்க. வி.ஐ.பி. கெளம்பிட்டாரு” என்று வரவேற்றார் சௌந்தரராஜன். பாத்திரக்கடை வைத்திருப்பவர், வணிகர் சங்கத் தலைவர். சிறப்பு விருந்தினரை ஏற்பாடு செய்ததும், பதினேழு முகங்களை வரிசைப்படுத்தியதும் அவரேதான். விருந்தினர் கும்பகோணத்து அரிசி ஆலை அதிபர் ஒருவர்.

9.40க்குக் கேட்டேன். கிளம்பிவிட்டாராம். 10.10க்குக் கேட்டேன். கிளம்பிக்கொண்டே இருக்கிறாராம். கும்பகோணம் பதினைந்து கிலோமீட்டர். நடந்தே வந்திருந்தாலும் பாதி வழி தாண்டியிருப்பார்.

10.20. நல்ல நேரம் முடிந்து ஐந்தாவது நிமிடம், ஒரு மினி வேன் பந்தலுக்குள் மூக்கை நுழைத்தது. பின்னால் சேறு காயாத நடவு இயந்திரம். ஓட்டி வந்தவர் கலியபெருமாள். ராஜகிரிப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி.

“தங்கச்சி, செயின் அத்துப்போச்சு” என்றார் ஸ்டெல்லாவிடம். “பாய் நாத்தெல்லாம் சுருட்டி வரப்புல அடுக்கியாச்சு. மெஷின் ரெண்டு சுத்துதான் ஓடிச்சு. வெயிலப் பாரு.”

வேனின் ஓரத்தில் கொண்டுவந்திருந்த ஒரு நாற்றுப் பாயை எஸ்தர் விரித்து, வேரை விரலால் அழுத்திப் பார்த்தார். “மத்தியானத்துக்கு மேல தாங்காது. நுனி சுருள ஆரம்பிச்சிருச்சு” என்றார். மெஷினில் நடுவதற்காகப் பாய்போல் அடர்த்தியாக வளர்த்த இளநாற்று. இன்றைக்குக் காய்ந்தால் மறுபடி விதை விட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பருவம் தள்ளிப்போகும். கலியபெருமாளின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“செயின் உள்ள இருக்கு. முக்கா மணி நேர வேலைதான்” என்றாள் ஸ்டெல்லா. எல்லோரும் ஷட்டரைப் பார்த்தோம்.

“சரி, திறங்க. ரிப்பன் அது பாட்டுக்கு இருக்கட்டும், ஸ்டெல்லா கீழே குனிஞ்சு போகட்டும்” என்றேன் நான்.

சௌந்தரராஜன் தொண்டையைச் செருமினார். “சாவி இங்க இல்ல மேடம்.”

“எங்கே இருக்கு?”

“வி.ஐ.பி. கிட்ட.”

நடந்தது இது. முதல் நாள் மாலை சங்கத்தார் ஐந்து பேர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு கடைச் சாவியையும் வைத்து, கும்பகோணம் போய் விருந்தினர் வீட்டில் கொடுத்து அழைத்திருக்கிறார்கள். அவர் தம் கையாலேயே திறக்க வேண்டுமாம். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டும் பூட்டு வாங்கிய கடையில் கொடுத்த அதே கம்பி வளையத்தில், மஞ்சள் கயிறு சுற்றியபடி போய்விட்டன.

“ரெண்டையுமா கொடுப்பாங்க? இது யார் யோசனை?” என்று கத்தியே விட்டேன்.

“என்ன மேடம் இப்புடிக் கேக்குறீங்க? நீங்கதானே போன இதழ்ல மொதப் பக்கத்துல போட்டீங்க. அய்யம்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் தாம்பாளத்துல சாவி கொண்டுபோன படம். ‘பின்பற்றத்தக்க புதுமை’ன்னு நீங்கதானே எழுதுனீங்க?”

எழுதினேன். முதல் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது, எழுதினேன். ஜவுளிக்கடைக்காரர் ஒரு சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்திருந்ததையும் பார்த்தேன். அதை எழுதவில்லை. அந்த நிமிடம் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

10.45. விருந்தினரின் உதவியாளர் கடைசியில் போனில் உண்மையைச் சொன்னார். ஐயா ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், பந்தி முடிந்ததும் புறப்படுவார். சாவியும் அவரோடுதான்.

ஸ்டெல்லா எதிரே இருந்த இரும்புக் கடைக்குப் போய் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றோடு திரும்பி வந்தாள். புதுப்புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“ஏம்மா, ஏம்மா! தெறப்பு விழா அன்னைக்குப் பூட்டை ஒடைக்கிறதா? அபசகுனம்மா!” என்று குறுக்கே வந்தார் சௌந்தரராஜன். “பெரிய மனுஷன் வந்து பாத்தா சங்கத்தோட மரியாதை என்னாவுறது?”

“அண்ணே, மொத நாளு மொத மெஷின். அதைத் திருப்பி அனுப்புனா நாளைக்கு எவன் எங்கிட்ட வருவான்?” என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர பிளேடு கையிலேயே நின்றது. நாற்பது நாற்காலியும் அவளையே பார்த்தன. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

எஸ்தர் நாற்றுப் பாயைச் சுருட்டி வேனில் வைத்தார். “அறுடி” என்றார்.

பூட்டு நல்ல பூட்டு. பதினாறு நிமிடம் ஆயிற்று. நடுவில் பிளேடு ஒன்று ஒடிந்து, இரும்புக் கடைக்காரரே இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இத்தனைக்கும் பிளக்ஸில் அவர் முகம் இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கி, ரிப்பனுக்கு அடியில் குனிந்து ஸ்டெல்லா உள்ளே போனபோது படம் எடுத்தேன். அவசரத்தில் முதல் படம் கெட்டது. இரண்டாவது தேறியது.

11.50. இயந்திரம் உறுமி ஓடியது. கலியபெருமாள் கைகூப்பினார். வேனைப் பின்னுக்கு எடுத்ததில் ஒரு வாழைமரம் சாய்ந்தது.

12.20. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் கயிறு கட்டிய சாவி. புதன்கிழமை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். காலையெல்லாம் சகுனம் பேசிய சௌந்தரராஜனிடம் மெல்ல அதை ஞாபகப்படுத்தினேன். “அவரு வந்தாலே நல்ல நேரந்தான் மேடம்” என்றார் கூசாமல். அதற்குள் ஷட்டரை இறக்கி, அறுத்த பூட்டை வெட்டு தெரியாமல் திருப்பி மாட்டி வைத்திருந்தார்கள். விருந்தினர் சாவியை நுழைத்தார். திருப்புவதற்கு முன்பே பூட்டு கையோடு வந்துவிட்டது. “அட, நல்ல கைராசி!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். அவர் ரிப்பனை வெட்டி, ஸ்டெல்லாவின் கிரீஸ் கையைப் பார்த்துவிட்டு வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். பிறகு உழைப்பின் மேன்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பதினாறு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. ஸ்டெல்லாவுக்குப் போர்த்தச் சங்கத்தார் மறந்துவிட்டார்கள்.

“அந்தப் பூட்டு அறுத்த படம் மட்டும் வேணாம் மேடம்” என்று வண்டி ஏறும்வரை கூடவே வந்தார் சௌந்தரராஜன்.

2.30க்குத் திரும்பும் வண்டி. ராஜகிரி தாண்டியதும் சாலையோரம் அந்த இயந்திரம் தெரிந்தது. கிட்டத்தட்ட முழு வயலையும் நட்டு முடித்திருந்தார்கள், வரிசை கோடு போட்டது போல நேராக இருந்தது. வரப்பில் மூன்றே மூன்று பாய்கள்தான் மிச்சம். நான் ஜன்னல் வழியே கையை ஆட்டினேன். கலியபெருமாள் நிமிரவே இல்லை. எனக்குக் கண் கலங்கியது, சந்தோஷம்தான்.

அன்று மாலையே செய்தியை எழுதினேன். முதல் பக்கத்தில் ரிப்பனுக்கு அடியில் குனியும் ஸ்டெல்லா. “திறந்து வைத்தார்” என்ற சொல்லுக்கு முன்னால் பதினொரு வருடமாக விருந்தினர் பெயரைத்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை அவள் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே கட்டம் கட்டி: “சென்ற இதழில் சாவியைத் தாம்பாளத்தில் வைத்து அழைப்பதைப் புதுமை என்று பாராட்டியிருந்தோம். ஒரு சாவியைக் கடைக்காரர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை எழுதாமல் விட்டது எங்கள் தவறு.” இதழ் அச்சாகி வர ஐந்து நாள் ஆகும்.

மறுநாளே தஞ்சாவூரில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடைத் திறப்பு விழா. பாபநாசம் சின்ன ஊர், நம் ஊரில் இப்படியெல்லாம் நடக்காது என்று சொல்லிக்கொண்டாலும், மனசு கேட்காமல் கடைக்காரருக்குப் போன் செய்தேன். “சாவி யார்கிட்ட இருக்குங்க?”

“சாவியா? வி.ஐ.பி. வீட்டுல நேத்தே கொண்டுபோயிக் குடுத்துட்டோம் மேடம்” என்றார் அவர் பெருமையாக. “உங்க பேப்பரைப் பாத்துத்தான்.”

ஆக்ஸா பிளேடு ஒன்று பதினைந்து ரூபாய். இரண்டு வாங்கிக் கேமரா பைக்குள் வைத்துக்கொண்டேன்.