மஞ்சள் பெயின்ட்டில் ஒரு நம்பர்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தென்மேற்கு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார் சௌகத் அலி. மணி காலை ஐந்தே முக்கால். திரையில் டவருக்கு இரண்டு கோடு விழுந்ததும் கையை இறக்கினார். ஒரு கோடு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியபடியே நின்றிருக்க வேண்டும். மற்ற மூன்று மூலைகளிலும் அந்த ஒரு கோடும் விழாது. குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடியில் அலைந்து அவர் கண்டுபிடித்த உண்மை அது.

போன் அடித்தது. "அலோ! ஆங், சொல்லு நைனா. சத்தம் வந்து தண்ணி வரலியா, சத்தமே வரலியா? அத்த மொதல்ல சொல்லு." சத்தம் வந்து தண்ணீர் வரவில்லை என்றால் குழாயில் கோளாறு. சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் போயிருக்கும், இல்லை கெபாசிட்டர். எதை வண்டியில் ஏற்றுவது, எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதெல்லாம் இந்த மூலையில்தான் முடிவாகும். விடிந்ததும் மோட்டார் சுவிட்சைத் தட்டிப் பார்க்கிற ஜனங்கள் விடிந்ததும்தானே கூப்பிடுவார்கள்?

2008-ஆம் வருஷம் தை மாதம் பம்மலிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிவந்தார். மகள் ஃபாயிசாவுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை; பம்மலிலிருந்து அவள் போய்வர ஒரு நாளில் நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. வீடு மாறினார், ஆனால் தொழில் மாறவில்லை. தினமும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் மேடவாக்கம், கேம்ப் ரோடு, தாம்பரம், குரோம்பேட்டை என்று சுற்றிக்கொண்டு பம்மலுக்கே போனார். நம்பரும் மாறவில்லை. அந்த நம்பரைக் கொடுத்த கம்பெனியின் டவர் மட்டும் பெரும்பாக்கத்தின் இந்தப் பக்கத்தை எட்டவில்லை. கீழே வீட்டுக்குள் போனால் செல்போன் வெறும் கடிகாரம்தான்.

கட்டடத்துக்காரர்கள் அவருக்கு 'டவர் பாய்' என்று பெயர் வைத்தார்கள். சௌகத் அலி அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. பட்டம் என்று ஒன்று கிடைத்தால் விடுவானேன் என்கிற ஆள் அவர்.

"பேசாம நம்பர மாத்திடுங்களேன்," என்று அவர் மனைவி அஜீசா மாதம் ஒரு தடவை சொல்வார்.

"நம்பர மாத்தறதுன்னா இன்னா, சட்டைய மாத்தற மாதிரியா?" என்பார் இவர். அதோடு அந்த மாதத்துப் பேச்சு முடிந்துவிடும்.

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. சௌகத் அலியின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அவரே உண்டாக்கிக்கொண்டது. ஒரு வீட்டில் போர்வெல் மோட்டாரைச் சரிசெய்தால் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். நம்பரை எழுதமாட்டார். சீட்டில்கூட எழுதித் தரமாட்டார். "மோட்டாரு ஒரு மாசம் ஓடட்டும். அப்பால வந்து எழுதறேன்." சரியாக ஒரு மாதம் கழித்து, யாரும் கூப்பிடாமலேயே போய் நிற்பார். மோட்டாரைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் சத்தத்தைக் கேட்பார். திருப்தியானால், பையிலிருந்து மஞ்சள் எனாமல் டப்பாவை எடுத்து, ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் பத்து எண்களை எழுதுவார். பெயர் கிடையாது, 'மோட்டார் ரிப்பேர்' என்ற விளம்பரம் கிடையாது. பத்து எண்கள்தான். கடைசி எண்ணான இரண்டுக்கு மட்டும் வாலைக் கொஞ்சம் நீட்டி இழுப்பார்.

அதே மோட்டார் மூன்று தடவை படுத்துவிட்டால், அவரே டர்பன்டைன் பாட்டிலோடு போய் அந்த நம்பரைத் துடைத்துவிடுவார். வீட்டுக்காரர்கள் வேண்டாமென்றாலும் கேட்கமாட்டார். "என் நம்பரு இருக்கற லட்சணம் அதுக்கு இல்ல. வேற ஆளப் பாத்துக்கோங்க." இன்கமிங்குக்குக் காசில்லை என்று ஆன வருஷம் வாங்கிய நம்பர் அது. அதிலிருந்து பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் என்று நானூற்றுச் சொச்சம் பெட்டிகளில் எழுதியிருக்கிறார். துடைத்தது இரண்டே இரண்டு. அந்த இரண்டு வீடுகள் இருக்கிற தெருக்களில் இன்றைக்கும் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

இந்த நம்பருக்கு இன்னொரு கதையும் உண்டு. ஃபாயிசா வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது வீட்டில் இருந்த ஒரே போன் இதுதான். சிறுசேரிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டபோது, சௌகத் அலி பம்மலில் ஒரு போர்வெல் மேட்டில், தூக்கிய குழாயை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார். வழக்கப்படி முதல் கேள்வியைக் கேட்டார்: "எந்த ஏரியாங்க?"

"சிறுசேரியிலேருந்து பேசறேன் சார்."

"சிறுசேரிங்களா? அவ்ளோ தூரம் நான் வர்றதில்லீங்க மேடம். பக்கத்துல யாரனா பாத்துக்கோங்க," என்று வைத்துவிட்டார். மகளின் உத்தியோகத்தை ஒரே வாக்கியத்தில் வேண்டாமென்று சொன்ன தகப்பன் தமிழ்நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பெண் நல்லவள், மறுநாளும் கூப்பிட்டாள். ஃபாயிசா இதை அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தாள். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும், "எந்த நம்பருக்குக் கூப்ட்டாங்கோ? அத்த சொல்லு," என்பார்.

ஐப்பசி மழையில்தான் வினை வந்தது. தொட்டி மூலையில் பாசி பிடித்திருந்தது. தீபாவளிக்கு மறுவாரம் ஒரு காலையில், போனைத் தூக்கிப் பிடித்தவர் அப்படியே வழுக்கி விழுந்தார். கைப்பிடிச் சுவருக்கும் அவருக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இடைவெளி. அந்தப் பக்கம் மூன்று மாடி. கணுக்கால் பிசகியதோடு போயிற்று. ஆனால் சத்தம் கேட்டு ஓடிவந்த ஃபாயிசா முதலில் பார்த்தது அப்பாவை அல்ல, அந்த ஒன்றரை அடியை.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. கட்டுப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் எதிரில் உட்கார்ந்து அழுதாள். "எனக்காகத்தான அத்தா இங்க வந்தீங்க? என்னாலதான விழுந்தீங்க?" பழைய நம்பருக்கு வருகிற அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிட முடியுமா என்று அவள் முன்பே கேட்டுப் பார்த்திருந்தாள். அந்த வசதி மாதாமாதம் பில் கட்டுகிறவர்களுக்குத்தான், ரீசார்ஜ் கார்டு போடுகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் போய், வீட்டுக்குள்ளேயே டவர் எடுக்கிற வேறு சிம் ஒன்று வாங்கிவந்தாள். கடைசி நாலு எண்ணும் ஐந்து. குழந்தைகூட மறக்காத நம்பர். கடைக்காரரிடம் அரைமணி நேரம் பொறுக்கி எடுத்தாளாம்.

நானூறு பெட்டிகளுக்காக அஜீசாவிடம் வாதாடலாம். அழுகிற மகளிடம் முடியுமா? "சரி பாப்பா. மாத்திடறேன். கண்ணத் தொடச்சிக்கோ," என்று வாக்குக் கொடுத்துவிட்டார் சௌகத் அலி.

வாக்குக் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை புரிந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பழைய நம்பரைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். டர்பன்டைன் துணியோடு நானூறு வாசல் ஏற வேண்டும். இதுவரை அவர் டர்பன்டைன் பாட்டிலைத் திறந்ததெல்லாம் தோற்றுப்போன இடத்தில்தான்.

நாலைந்து நாள் கழித்து, வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் பஸ் பிடித்துப் பம்மலுக்குப் போனார். முதல் வீடு கனகவல்லியுடையது. ஒரே காம்பவுண்டில் எட்டுக் குடித்தனம் வைத்திருக்கிற அம்மாள். ஒருநாள் தண்ணீர் ஏறவில்லை என்றால் எட்டுக் குடித்தனமும் அவர் வாசலில் குடத்தோடு நிற்கும். சௌகத் அலி முதன்முதலில் நம்பர் எழுதிய பெட்டி அந்த வீட்டில்தான் இருந்தது.

கனகவல்லி அவர் காலைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "இன்னா பாய், டர்பன்டைனோட வந்துகீறீங்கோ? எங்க மோட்டாரு இன்னா தப்பு பண்ணிச்சி? நல்லாத்தான ஓடிகினு கீது?"

"மோட்டாரு ஒன்னும் பண்ணலக்கா. என் நம்பருதான் மாறுது."

"ஏன்?"

டவர், மாடி, பாசி, மகள் எல்லாவற்றையும் சொன்னார். கனகவல்லி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மோட்டார் ரூம் கதவைத் திறந்துவிட்டார். "தொட்சிக்கோங்கோ. உங்க நம்பரு, உங்க இஷ்டம்."

தீபாவளிக்கு வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். மோட்டார் ரூமுக்கும் சுண்ணாம்பு. பழைய சாம்பல் நிற ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பளபளவென்று நீல பெயின்ட். அந்த நீலத்தின் நடுவில், அளவெடுத்துக் கோடு போட்டதுபோல் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பழைய சாம்பல் நிறம் அப்படியே விடப்பட்டிருந்தது. அதற்குள் மஞ்சளில் பத்து எண்கள். கடைசி இரண்டின் வால் கொஞ்சம் மங்கியிருந்தது. அவ்வளவுதான்.

"பெயின்டரு ஒரேடியா அடிச்சிட்றேன்னான்," என்றார் கனகவல்லி வாசற்படியிலிருந்து. "அந்த நம்பரு மேல ஒரு சொட்டு பட்டுச்சி, கூலி கெடையாதுன்னுட்டேன். இன்னா பெரிய நம்பருன்னான். எட்டு வூட்டுக்கு இதான்டா தண்ணின்னேன்."

சௌகத் அலி டர்பன்டைனை ஊற்றி நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நின்ற நிலையிலேயே துணி காய்ந்தது. பெருமைதான். ஐம்பத்து நாலு வயதில், ஒரு இருட்டு ரூமில், யாரோ ஒரு பெயின்டர் சுற்றிவளைத்து விட்டுவைத்த ஒரு சாண் இடத்தைப் பார்த்து ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பெருமை வரலாம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. துணியைச் சுருட்டிப் பையில் போட்டார். மஞ்சள் டப்பாவைத் திறந்தார். மங்கியிருந்த வாலின் மேல் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார்.

"மோட்டார போடுக்கா, சத்தம் கேக்கறேன்," என்றார்.

அதற்குமேல் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

அன்று வேலை முடிந்து வந்த ஃபாயிசாவிடம் புதிய சிம்மை நீட்டினார். "உங்கிட்ட குடுத்த வார்த்தைய காப்பாத்த முடியல, பாப்பா." நடந்ததைச் சொன்னார். நீலத்தைச் சொன்னார், நடுவில் விட்ட சாம்பலைச் சொன்னார். அவள் சிம்மை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாள் அவர் நொண்டிக்கொண்டு மாடி ஏறியபோது, தொட்டி மூலையில் பாசி இல்லை. யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை வெளுக்கத் தேய்த்திருந்தார்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தொட்டிக் குழாயோடு கயிற்றால் கட்டிப் போட்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தார். இரண்டு கோடு விழுந்தது. ஆனாலும் மகள் வாய் திறக்கவில்லை. அது அவருக்குக் கணுக்காலைவிட வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்தின் செக்ரட்டரி எட்மண்ட் கதவைத் தட்டினார். போன மாதம் கட்டடத்து மோட்டார் படுத்தபோது சௌகத் அலிதான் இறக்கிச் சரிசெய்திருந்தார். "பாய், ஒரு மாசம் முடிஞ்சிடுச்சி. நம்பர் எழுதறேன்னு சொன்னீங்களே? சும்மா கேக்கறேன், ஒரே பில்டிங்ல இருக்கோம், மாடிப்படியில நின்னு கூப்ட்டா போதாதா?"

"கூப்டறதுக்கா சார் எழுதறது?" என்று சிரித்தார் சௌகத் அலி. கீழே போய் மோட்டாரைப் போடச் சொல்லி, கண்ணை மூடிச் சத்தம் கேட்டார். நல்ல சத்தம். ஆனால் பெட்டி மாடிப்படிக்கு அடியில் முழங்கால் உயரத்தில் இருந்தது. கட்டுப்போட்ட காலோடு குந்த முடியவில்லை. பிரஷை வைத்துக்கொண்டு இரண்டு தடவை முயன்றார்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பிரஷை வாங்கிக்கொண்டது. ஃபாயிசா சுடிதாரை ஒதுக்கிக்கொண்டு பெட்டிக்கு முன் குந்தினாள். எந்த நம்பர் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதல் எண் ஒன்பது. அந்த வருஷத்தில் யாருடைய செல் நம்பரும் ஒன்பதில்தான் தொடங்கும்; அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அடுத்த எண்ணும் இரண்டு நம்பருக்கும் பொதுதான். மூன்றாவதில்தான் வழி பிரியும். அவள் பிரஷை டப்பாவில் தோய்த்து, விளிம்பில் வழித்து, ஒரு கணம் நிறுத்தினாள். சௌகத் அலி மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் எங்கும் நிறுத்தவில்லை. ஆறு. ஒன்று. ஒன்பது. கடைசியாக இரண்டு, வாலைக் கொஞ்சம் நீட்டி.

பெயின்ட் கூடிப்போய் அந்த வாலிலிருந்து ஒரு சொட்டு கீழே இறங்கியது. சௌகத் அலி வலிக்கிற காலை நீட்டிவைத்துக் குனிந்து, அதைத் தன் கட்டைவிரலால் ஒற்றி எடுத்தார்.